பல்லேகலவுக்கு ஒரு ரயில்

கெலிஓயா
2025 ஜனவரி 12

அன்புள்ள மச்சான் அஹ்னாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். டோஹாவில் நீயும் என் தங்கச்சி மஸாஹிராவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காலையில் பனி, பகலில் வெயில், பின்னேரம் மழை. நான் வழக்கம்போல கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து பல்லேகலவுக்கு இன்னொரு பஸ் என்று தொங்கிக்கொண்டு போய், கார்மென்ட் ஸ்டோர்சில் நூல் பெட்டிகளுக்குக் காவல் இருந்துவிட்டு வருகிறேன்.

போனில் பேசினால் என் மாமி, அதாவது உன் உம்மா, பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறார், மிச்சத்தை மஸாஹிரா எடுத்துக்கொள்கிறாள், எனக்குக் கிடைப்பது "சரி மச்சான், வைக்கிறேன்" மட்டும்தான். ஆகவே நம் பழைய ஏற்பாட்டின்படி இமெயிலில் கடிதம்.

புதுக் கம்பியூட்டர் வாங்கப் போவதாகவும் என் கருத்து வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நீ கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று லைட் எரிகிற எதையும் வாங்காதே. அது கம்பியூட்டரா, கல்யாண வீடா? அடுத்தது, எல்லாக் காசையும் கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டு மட்டமான பவர் சப்ளை வாங்காதே. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையாகிவிடும். என்னுடையதற்குள் போன மாதம் ஒரு பல்லி புகுந்து கருகி மவுத்தாகி, பவர் சப்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நல்ல பவர் சப்ளையாக இருந்ததால் மற்றதெல்லாம் தப்பியது.

விளையாட்டு என்றால் கீபோர்டும் மவுஸும்தான். இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். கொன்ட்ரோலர் எல்லாம் சின்னப் பிள்ளைகளின் கிலுகிலுப்பை. இன்னொன்று, முறை வைத்து ஆடும் விளையாட்டுகளை உன் மெஷினில் ஏற்றினால் நான் உன்னோடு பேச மாட்டேன். நீ நகர்த்து, பிறகு நான் நகர்த்துகிறேன், பிறகு நீ. அது விளையாட்டா? போஸ்ட் ஒபிஸ் வரிசை.

உன் தங்கச்சி றம்ஸியாவின் கல்யாணம் ஓகஸ்ட் மாதம் என்று முடிவாகிவிட்டது. மாமி இப்போதே ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். லீவை இன்றைக்கே கேட்டு வை.

துஆவுடன்,
ஷாமில்

*

டோஹா
2025 ஜனவரி 24

மச்சான் ஷாமிலுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். கம்பனியின் குளிர்க் களஞ்சியத்தில் மெஷின்களைப் பார்ப்பதுதான் இப்போதும் என் வேலை. வெளியே பாலைவனம், உள்ளே நுவரெலியா. ஒரு நாளில் இரண்டு நாட்டில் இருக்கிறேன்.

உன் சட்டங்களைப் படித்தேன். மஸாஹிராவுக்கும் வாசித்துக் காட்டினேன். "என் நானா மாறவே இல்லை" என்று சிரித்தாள். கண்டி டவுனில் டியூஷன் முடிந்து நாம் போகும் அந்த இன்டர்நெட் கடையில், பக்கத்துக் கதிரைக்காரன் விளையாடுவது பிழை என்று சண்டைக்குப் போய் நம் இருவரையும் வெளியே போடவைத்தவன் நீ. அன்றைக்கு இருந்த கருத்தில் ஒரு புள்ளிகூட இன்றைக்கும் மாறவில்லை. நீ கருத்தை மாற்றும் நாளில் மகாவலி ஆறு மேல்நோக்கி ஓடும்.

எனக்கு வேண்டியது கார் ஓட்டும் விளையாட்டு. ஸ்டியரிங், பெடல் எல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். கடுகண்ணாவை ஏற்றம் மாதிரி வளைவுகள் உள்ள ஒரு பாதையும் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் உன்னைத் தோற்கடிக்காமல் ஊருக்கு வர மாட்டேன்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன், இன்ஷா அல்லாஹ். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாம் ஆறு பேர் உட்கார்ந்து சஹன் சாப்பிட்டு எவ்வளவு காலம். போன தடவை நடுவிலிருந்த கோழியைப் பிய்த்துப் பங்கு போட்டவன் நான், உனக்குக் கழுத்துத்தான் கிடைத்தது. இந்த முறையும் கோழி என் கையில்தான். இப்போதே சொல்லிவிட்டேன்.

உம்மாவை அடிக்கடி போய்ப் பார். நீ அங்கே இருப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உன்,
அஹ்னாப்

*

டோஹா
2025 மார்ச் 18

மச்சான்,

ஸலாம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடப் பிந்திவிட்டது. கீபோர்ட் சரியில்லை. அதனால் சுருக்கம்.

கம்பியூட்டர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஸ்டியரிங்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விளையாட நேரமில்லை.

நோன்பு நல்லபடி போகிறது. நான் சுகம் என்று உம்மாவிடம் சொல்.

அஹ்னாப்

*

கெலிஓயா
2025 மார்ச் 21

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். இங்கே நோன்புக் கஞ்சியும் மழையும் ஒன்றாக வருகின்றன. மாமி சுகம். ஆனால் ஒரு முறைப்பாடு உண்டு. வீடியோ கோலில் நீ மூக்கை மட்டும் காட்டுகிறாயாம். "என்ட மகன் மெலிஞ்சானா கொழுத்தானா எண்டு பாக்கவும் வழியில்ல" என்கிறார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி.

கீபோர்ட் சரியில்லை என்று ஒரு காரணம் எழுதியிருக்கிறாய். இரண்டு மாதத்தில் ஆறு வரி எழுதியவனுக்குக் கீபோர்ட் ஒரு கேடா? ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டு, உள்ளே உள்ள பிஸ்கட் தூள் எல்லாம் கொட்டும். அதற்கும் சரிவராவிட்டால் புதிது ஒன்று வாங்கு. அழுத்தினால் டக் டக் என்று சத்தம் வருவதாகப் பார்த்து வாங்கு. சத்தம் வராத கீபோர்ட், உப்பில்லாத கஞ்சி.

ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்தது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயம்தானே? பயந்தாங்கொள்ளி என்று எழுதித் தா, விட்டுவிடுகிறேன்.

கோபத்துடனும் அன்புடனும்,
ஷாமில்

*

டோஹா
2025 மார்ச் 25

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானாவும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வாசித்தபின் அழித்துவிடுங்கள்.

போன மாதம் வேலைத்தளத்தில் குளிர் அறைக் கதவின் மெஷினுக்குள் அவருடைய வலது கை அகப்பட்டுவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நடுவிலுள்ள மூன்று விரல்களும் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். காயம் ஆறிக்கொண்டு வருகிறது. அவர்தான் ஆறவில்லை.

மாமிக்குச் சொல்லக் கூடாது, உங்களுக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். அதனால்தான் வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுகிறார். சாப்பிடும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். இடது கையால் சாப்பிடுவதை நான்கூடப் பார்க்கக் கூடாதாம். இயலாதவருக்கு மார்க்கத்தில் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் வெட்கப்படுகிறார். கம்பனியில் நல்ல மாதிரித்தான் பேசுகிறார்கள். ஸ்டோர்சில் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை தருகிறோம் என்கிறார்கள். அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஊருக்கே இனிமேல் போகப் போவதில்லை என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்குத்தான் நான் பயந்துபோனேன்.

நானா, உங்கள் கடைசிக் கடிதத்தைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஆடத் தெரியாதவள்" என்ற இடத்தை வாசித்ததும் லப்டொப்பை மூடிவிடக் கையை நீட்டினேன். ஆனால் அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. திரும்பவும் மேலே போய் வாசித்துச் சிரித்தார்.

ஆகவே நீங்கள் இரக்கப்பட்டு எதுவும் எழுத வேண்டாம். எப்போதும் போல ஏசி எழுதுங்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவே வேண்டாம். எப்படியாவது அவரை ஊருக்கு வரவையுங்கள். உங்களிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

உங்கள் தங்கச்சி,
மஸாஹிரா

*

கெலிஓயா
2025 ஏப்ரல் 6

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிந்திய பெருநாள் வாழ்த்து. இங்கே பெருநாள் நல்லபடி நடந்தது. மாமியின் வட்டிலப்பத்தில் உன் பங்கையும் நானே சாப்பிட்டேன், உன் சார்பில் நன்றியும் சொல்லிவிட்டேன்.

பயந்தாங்கொள்ளி என்று எழுதியதற்கு நீ இன்னும் பதில் போடவில்லை. பரவாயில்லை. நீ சுருக்கமாகவே எழுது. நீளமாக எழுதுவதற்குக் குடும்பத்தில் நான் ஒருவன் போதும்.

மச்சான், மனிதனுக்கு வயது போகப் போகத்தான் அறிவு வருகிறது. இந்தச் சுட்டுத் தள்ளும் விளையாட்டும் கார் ஓட்டும் விளையாட்டும் எனக்கு அலுத்துவிட்டன. கை ஓடுகிறது, மூளை தூங்குகிறது. இப்போது ரயில் பாதை போடும் விளையாட்டு ஒன்று பிடித்திருக்கிறேன். இரண்டு பேர், இரண்டு ரயில் கம்பனிகள், நடுவில் மலையும் ஆறும். முறை வைத்துத்தான் ஆட வேண்டும். நான் என் முறையை முடித்து அந்த பைலை உனக்கு அனுப்புவேன். நீ உன் முறையை முடித்து எனக்கு அனுப்பு. அவசரமே இல்லை. ஆறுதலாக யோசித்து விளையாடலாம். அதுதான் பெரிய மனிதர்களின் விளையாட்டு.

கீபோர்ட் தேவையே இல்லை, மவுஸ் ஒன்று போதும். மற்றக் கை சும்மா கிடக்கும். அதில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொள்ளலாம். இவ்வளவு காலமும் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை விளையாடிய மடையன் நான். உன் பழைய லப்டொப்பிலேயே ஓடும்.

மலைநாட்டைப் போல ஒரு வரைபடம் எடுத்து, ஸ்டேஷன்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்திருக்கிறேன். என் முதல் பாதை கெலிஓயாவிலிருந்து கடுகண்ணாவைக்கு. பைல் இதோடு வருகிறது.

உன் முறை.

ஷாமில்

*

டோஹா
2025 மே 2

மச்சான்,

ஸலாம். சுகம். பிந்தியதற்கு மன்னி. உன் பைலைப் பல நாள் திறக்காமலே வைத்திருந்தேன்.

நேற்றுத் திறந்தேன். கடுகண்ணாவையில் நீ போட்டிருக்கும் பாதை மலைக்கு நேர் மேலே ஏறுகிறது. அது ரயில்டா, ஆடு இல்லை. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுரங்கம் தோண்டத் தொடங்கியிருக்கிறேன்.

மவுஸும் சரியில்லை. ஒரு சுரங்கம் தோண்ட ஒரு பின்னேரம் போய்விட்டது.

உன் முறை.

அஹ்னாப்

*

கெலிஓயா
2025 மே 8

அன்புள்ள சுரங்க முதலாளிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கண்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உன்னையும் மஸாஹிராவையும் அல்லாஹ் நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். மாமி சுகம், றம்ஸியா சுகம். கல்யாணப் புடவை எடுக்கக் கண்டிக்குப் போய் மூன்று தடவை சும்மா திரும்பி வந்துவிட்டார்கள்.

ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் மருமகன் வருகிற வாரம் டோஹாவுக்குத் திரும்பிப் போகிறார். அவரிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். மாமி இடித்த மாசிச் சம்பல் ஒரு போத்தல், தொதல் ஒரு பெட்டி, நடுவில் ஒரு மவுஸ். சம்பல் வாசம் அடித்தால் என்னை ஏசாதே.

மவுஸ் பற்றி என் கருத்து. ஒரு பக்கம் வளைத்து, ஒரே கைக்கென்று செய்யும் மவுஸ் எல்லாம் வியாபாரத் தந்திரம். இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எந்தக் கையிலும் பிடிக்கலாம். கண்டிக் கடையில் இது ஒன்றுதான் இருந்தது, அதனால் எடுத்தேன். எனக்கும் வலது மணிக்கட்டில் ஒரு வலி, அதனால் நானும் கொஞ்ச நாளாக இடது கையால் பிடிக்கிறேன். முதல் வாரம் பொயின்டர் வண்டு மாதிரி ஓடும். வேகத்தை நன்றாகக் குறைத்துவிடு. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள், மணிக்கட்டால் தள்ளாதே. இரண்டாம் வாரம் படிந்து வரும். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன், உனக்குத் தேவைப்படாது.

உன் சுரங்கம் நல்ல சுரங்கம்தான். ஆனால் வாய் என் பாதைப் பக்கம் திறக்கிறது. எல்லை தெரியாத சனம்.

உன் முறை.

ஷாமில்

*

டோஹா
2025 ஜூன் 14

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. பார்சல் வந்தது. சம்பல் முடிந்துவிட்டது. மவுஸ் நன்றாக வேலை செய்கிறது. சுரங்கத்தை முடித்து ரயிலும் விட்டுவிட்டேன்.

கம்பனியில் என்னை ஸ்டோர்ஸ் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். கம்பியூட்டர் வேலை. உன் மவுஸை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். நீயும் ஸ்டோர்ஸ், நானும் ஸ்டோர்ஸ்.

ஒரு விஷயம். புது வேலை என்பதால் ஓகஸ்டில் லீவு கிடைக்காது. கல்யாணத்துக்கு மஸாஹிரா மட்டும் வருவாள். உம்மாவுக்கு நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சஹனில் என் இடத்தில் வேறு யாரையாவது உட்கார வை. என்னோடு கோபிக்காதே.

உன் முறை.

அஹ்னாப்

*

கெலிஓயா
2025 ஜூன் 19

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் புது வேலைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஸ்டோர்ஸ் வேலைதான் உலகத்திலேயே பெரிய வேலை என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

நீ சொன்னபடி மாமியிடம் போனேன். பக்குவமாகத்தான் தொடங்கினேன். "அவன் வராட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம் மகன். அவன் ஒண்டும் கொண்டுவர வாணாம். அவன் வந்து நிண்டாப் போதும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குத் தேத்தண்ணிகூடத் தரவில்லை. அந்த வீட்டில் தேத்தண்ணி இல்லாமல் நான் திரும்பியது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. இந்தச் செய்தியை இனி நீயே சொல். என்னால் முடியாது.

சஹன் விஷயத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உன் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஐந்து பேராகவே சாப்பிடுவோம், ஒரு பக்கம் சோறு அப்படியே இருக்கும். ஆனால் நீ வந்தால் புதுச் சட்டம். கோழி என் பொறுப்பு. நான்தான் பிய்ப்பேன், நான்தான் ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பேன், வேறு யாரும் கை நீட்டக் கூடாது. கழுத்துக் கொடுத்துப் பழகிய உன்னை நான் நம்ப மாட்டேன். ஆறு கரண்டியும் வைக்கச் சொல்லிவிட்டேன். யார் எந்தக் கையால் சாப்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை, என் பக்கத்துச் சோற்றைத் தொடாவிட்டால் சரி. நீ என் இடது பக்கத்தில் மூலைக்கு உட்கார். உன் மற்றப் பக்கம் சுவர்தான்.

லீவு கேட்டுப் பார், மச்சான். நன்றாகக் கேட்டுப் பார்.

உன் முறை.

ஷாமில்

*

டோஹா
2025 ஜூலை 5

என் அன்புள்ள மச்சான் ஷாமிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். நீயும் உம்மாவும் வீட்டார் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை நீளமாக எழுதப் போகிறேன். இடது கையின் ஒரு விரலால் தட்டுவதால் பல நாள் எடுக்கும். கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. உனக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும்.

மஸாஹிராவை ஏசாதே. அவள்தான் உனக்கு எழுதியிருப்பாள், ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. உன்னைக் காட்டிக் கொடுத்தது நீயேதான். முறை வைத்து ஆடும் விளையாட்டைப் பெரிய மனிதர்களின் விளையாட்டு என்று ஷாமில் எழுதுகிறான். கீபோர்ட் தேவையில்லை என்று ஷாமில் எழுதுகிறான். இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டவன், ஒரு கை சும்மா கிடப்பது நல்லது, தேத்தண்ணி பிடிக்கலாம் என்கிறான். வாசித்துவிட்டு லப்டொப்பை மூடினேன். மகாவலி மேலே ஓடுகிறது, இவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று விளங்கியது. அதனால்தான் உன் பைலை அத்தனை நாள் திறக்கவில்லை. முதலில் கோபம் வந்தது. எல்லோரையும் போல நீயும் இரக்கப்படத் தொடங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

பிறகு திறந்தேன். அந்த மடத்தனமான பாதையைப் பார்த்தேன். மலைக்கு நேர் மேலே ரயில். எவ்வளவு மோசமாக விளையாடுகிறான், பாவம், இந்த விளையாட்டு இவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்து விளையாடியிருக்கிறான் என்று தெரிந்தது. அன்றைக்கு நான் அழுதேன், மச்சான். விபத்தன்றுகூட அழாதவன்.

மணிக்கட்டு வலி என்று எழுதினாயே. றம்ஸியாவிடம் கேட்டேன். "ஷாமில் நானாக்கு ஒரு வலியும் இல்ல. சும்மா இடது கையால மவுஸப் புடிச்சிக்கிட்டு தன்னத்தானே ஏசுறாரு" என்றாள். நீ சொன்னபடி வேகத்தைக் குறைத்தேன், முழங்கையை ஊன்றினேன். இரண்டாம் வாரம் படிந்து வந்தது. அந்தத் தைரியத்தில்தான் ஸ்டோர்ஸ் வேலையை ஒப்புக்கொண்டேன். இன்றைக்கு நான் உழைத்துச் சாப்பிடுகிறேன் என்றால் அல்லாஹ்வுக்கு அடுத்தபடி நன்றி உனக்குத்தான். இங்கே பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கையைப் பார்க்கிறார்கள், பிறகு முகத்தைப் பார்க்கிறார்கள். நீ ஒருவன்தான் என் சுரங்கத்தின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று சண்டை பிடித்தாய்.

லீவு பற்றி நான் எழுதியது பொய். கம்பனி லீவு தருகிறது. சஹனில் இந்தக் கையோடு எப்படி உட்காருவது என்றுதான் வர மாட்டேன் என்றேன். நீ சுவர் ஓரமாக இடம் ஒதுக்கி, கோழியையும் உன் பொறுப்பில் எடுத்து, அதற்கும் என்னைத்தான் குற்றம் சொல்கிறாய். இதற்கு மேல் நான் என்ன சாட்டுச் சொல்வது?

டிக்கெட் எடுத்துவிட்டேன். உம்மாவுக்கு நானே வீடியோ கோல் எடுத்துச் சொல்லப் போகிறேன். போனைத் தள்ளிப் பிடித்து.

நன்றியுடன்,
அஹ்னாப்

*

கெலிஓயா
2025 செப்டெம்பர் 8

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் இருவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். இங்கே கல்யாண வீடு அடங்கிவிட்டது. கதிரைகள் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு முன்னால் கட்டிய லைட்டுகளை மட்டும் இன்னும் கழற்றவில்லை. மாமி கழற்ற விடவில்லை. சிவப்பு, பச்சை, நீலம். தினமும் பார்த்துக்கொண்டு போகிறேன், ஒன்றும் சொல்லவில்லை.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். சஹனில் உட்கார்ந்ததும் நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் கோழியைப் பிய்த்துக்கொண்டே பவர் சப்ளைக்குள் பல்லி போன கதையைத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் சாச்சா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பல்லி உள்ளே போகாமலிருக்க வலை அடிக்கலாமா, காற்றுப் போகுமா என்று கேட்கத் தொடங்கினார். அது ஒரு அடிப்படையே தெரியாத கேள்வி. எனக்கு வந்த கோபத்தில் அவரோடு வாக்குவாதம் முற்றிவிட்டது. ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தேன். நீ இடது கையால் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, சாச்சா சொல்வது எப்படிப் பிழை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். உன் வலது கை தட்டின் ஓரத்தில் எல்லோருக்கும் தெரியக் கிடந்தது. நீ அதை மறந்துபோயிருந்தாய். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அல்லாஹ்வுக்கு எத்தனை முறை நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உனக்குக் கால் துண்டு வைத்தேன், நான் கழுத்தை எடுத்துக்கொண்டேன். அதையும் நீ கவனிக்கவில்லை.

நீங்கள் விமான நிலையத்துக்குப் போன பிறகு மாமி என்னைக் கூப்பிட்டார். "ஒனக்கு முதல்லயே தெரியும் தானே. ஏன் மகன் எனக்கு செல்லல்ல?" என்று கேட்டார்.  ஏசப் போகிறார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். பிறகு தேத்தண்ணி தந்தார். இரண்டு கோப்பை.

நேற்று உன் பைலைத் திறந்தேன். இவ்வளவு நாளும் உன் கம்பனி சுரங்கத்திலும் பாலத்திலும் காசைக் கொட்டியது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. கெலிஓயாவிலிருந்து பேராதனை, அங்கிருந்து கண்டி, ஆற்றைத் தாண்டிப் பல்லேகல. ஆட்டத்தில் ஒரு லாபமும் இல்லாத பாதை. அந்த ரயிலுக்கு நீ வைத்திருக்கும் பெயரைப் பார்த்தேன்: "ஷாமில் உட்கார்ந்து போக." இன்றைக்குக் காலையிலும் இரண்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போனேன். ஆனால் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

கடைசியாக ஓர் உண்மை. நான் கருத்தை மாற்றியதாக நீ எழுதியிருந்தாய். பிழை. முறை வைத்து ஆடும் விளையாட்டு அன்றைக்கும் போஸ்ட் ஒபிஸ் வரிசைதான், இன்றைக்கும் போஸ்ட் ஒபிஸ் வரிசைதான். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கம்பியூட்டரைப் போடுகிறேன் என்றால், உன்னிடமிருந்து பைல் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மகாவலி இன்னும் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது, மச்சான்.

நான் என் முறையை முடித்துவிட்டேன். உன் பாதையில் பல்லேகலவில் ஒரு ஸ்டேஷன் கட்டியிருக்கிறேன்.

உன் முறை.

ஷாமில்